வேலிக்கு வந்த பழி

பொய்களைப் பிடிப்பது என் வேலை.
கார்க் கூரையில் ஓர் ஆண்டெனா,
மடியில் வரைபடம், ஃப்ளாஸ்கில் காபி.
ஒகனாகன் மலைகளுக்கு நடுவே இந்தப் பள்ளத்தில்
செல்பேசி கூடாது, மைக்ரோவேவ் அடுப்பு கூடாது.
நான்கு நீண்ட கம்பிவலைத் தொட்டிகள்
வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கின்றன.
எந்த வீட்டு ஹீட்டர் தும்மினாலும்
அவற்றுக்குக் கேட்டுவிடும்.
என்னை அனுப்புவார்கள்.

போன வருடம் ஒரு கிழட்டு நாயின் மின்போர்வை.
அதற்கு முன் தேவாலயத்து அழைப்புமணி.
ஒருமுறை, சொல்லவே வெட்கம்,
என் சொந்தக் காரின் ஸ்பார்க் பிளக்.

அது ஊரெல்லாம் கதவடைத்திருந்த வருடம்.
ஏப்ரல் கடைசி, செவ்வாய்.
செர்ரிப் பூக்களைப் பனி கருக்கிவிடாதிருக்க
இரவெல்லாம் சுழன்ற தோட்டத்துக் காற்றாடிகள்
அப்போதுதான் ஓய்ந்திருந்தன.
டாரியுஷ் வீட்டிலிருந்து அழைத்தான்.
‘இரண்டு துடிப்பு, கிஸ்லேன்.
இமை பாதி மூடுவதற்குள் இரண்டும் முடிந்துவிட்டன.
பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தும் இல்லை,
ஓரக்காதில் விழுந்திருக்கிறது.
வெண்டலின் மின்வேலியாகத்தான் இருக்கும்.’

வெண்டல் ஆறடி தள்ளி நின்றார்.
முகக்கவசம் தாடையில்.
‘போன தடவையும் என் வேலி.
அதற்கு முந்தின தடவையும் என் வேலி.
வானத்தில் எவன் கொட்டாவி விட்டாலும்
என் வேலியா?’
ஒரு புல்லைக் கிள்ளிக் கம்பியில் வைத்தார்.
விரல் அதிரவில்லை.
‘முந்தாநாள் ராத்திரியே அணைத்தாயிற்று.
கன்று சிக்கிக்கொண்டது.’

நான் ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
புல்வெளி சுத்தமாக இருந்தது.
ஒரு பொய்கூட இல்லாத காலை
எனக்குப் பழக்கமில்லை.

சமையலறை ஜன்னல் வழியே
சுருள்கம்பித் தொலைபேசியை நீட்டினார்.
மறுமுனையில் டாரியுஷின் குரல் மாறியிருந்தது.
‘சாய்ந்து வந்திருக்கிறது.
மேல்ஸ்தாயி முதலில்.
கீழ்ஸ்தாயி வந்து சேர
ஆறு வினாடிக்கு மேல்.’

வேலி அப்படிப் பேசாது.
வேலி எல்லாச் சுருதியையும் ஒரே மூச்சில் கக்கும்.
வெகுதூரத்திலிருந்து வருவது மட்டும்தான்
வழியெல்லாம் எலெக்ட்ரான் புழுதியில் கால் புதைந்து
முன்னது முன்னே பின்னது பின்னே
நொண்டி நொண்டி வரும்.

குள்ளநரி மண்டலத்துப் பக்கம் ஒரு மாக்னெட்டார்.
செத்த நட்சத்திரத்தின் எஞ்சிய கரு.
இந்தப் பள்ளத்தாக்கில் இறக்கிவைத்துவிடலாம்,
எடை என்னவோ சூரியனைவிட அதிகம்.
அணுக்களைக்கூட இழுத்து
ஊசியாய்த் திரித்துவிடும் காந்தம்.
அதன் ஓட்டில் எங்கோ ஒரு விரிசல்
விழுந்திருக்கலாம்.
லாம்தான். டாரியுஷ் அந்த ‘லாமை’
விடவே மாட்டான்.

‘எவ்வளவு தூரம்?’ என்றார் வெண்டல்.
ஒளிக்கே முப்பதாயிரம் வருடம்,
கூடக்குறைய இருக்கும், என்றேன்.
கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்தார்.
‘அப்போ இங்கே
வேலியே கிடையாதே.’

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
அடுத்த அண்டங்களிலிருந்து வந்தவை
இதைவிடப் பல மடங்கு உரக்கக் கத்தியவை.
சில திரும்பத் திரும்ப அழைக்கின்றன.
சில ஒரே ஒரு முறை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
எத்தனை பானை, எத்தனை அடுப்பு
என்று யாருக்குத் தெரியும்?

‘எழுதிக் கொடு’ என்றார்.
‘என்ன?’
‘என் வேலி குற்றமற்றது என்று.’

மாட்டுத்தீவன ரசீதின் பின்பக்கம்
எழுதிக் கொடுத்தேன்.
கையெழுத்தும் போட்டேன்.
சம்பவம் நடந்த தேதி என்று எழுதிவிட்டு
பேனா சற்று நின்றது.

அவர் கொட்டகைக்குள் போய்
சுவிட்சைப் போட்டார்.
கார் ஒலிபெருக்கியில்
டக்.
டக்.
நொண்டாமல்.